இரண்டு பேர் வண்டி

சேசு மரி சூசை துணை

ஜோகுபாளையம், பெங்களூர்
20-6-1954

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி அலெக்சாண்டர் எழுதுவது. நான் சௌக்கியம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? போன வருஷம் ஈஸ்டருக்குக் கோயில் படியில் விழுந்ததிலிருந்து உன் முதுகைப் பற்றி அத்தான் ஒவ்வொரு கார்டிலும் ‘பரவாயில்லை’ என்று மட்டும் எழுதுகிறார். பரவாயில்லை என்றால் எழுந்து நடக்கிறாயா, அடுப்படியில் நிற்கிறாயா, ஒன்றும் தெரியவில்லை. நீயே நாலு வரி எழுது.

நேற்று மடத்துக்குப் போய் மௌரீனைப் பார்த்தேன். டிசம்பர் எட்டாம் தேதி, அமலோற்பவ மாதா திருநாளன்று, அவளுக்கு வார்த்தைப்பாடு என்று மடத்துத் தலைமைத் தாயார் முடிவு செய்துவிட்டார்களாம். அதற்குப் பிறகு உன் மகள் முழுக் கன்னியாஸ்திரீ. பெற்றவர்கள் வரலாம், பூசைக்கு முன் பார்த்துப் பேசலாம். “அம்மா வருவாங்களா மாமா?” என்று கேட்டாள். கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பஸ் உனக்கு ஆகாது. ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததற்கே ஒரு வாரம் படுத்துவிட்டாய். வாடகைக் கார் வைக்க நாம் ஜமீன்தார் இல்லை. என்னுடைய ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. அதில் கூட்டிக்கொண்டு வருகிறேன். இன்னும் ஐந்து மாதத்துக்கு மேல் இருக்கிறது, யோசித்துப் பதில் போடு.

அன்புத் தம்பி,
அலெக்சாண்டர்

*

அத்திபெலே
4-7-1954

அன்புள்ள தம்பிக்கு அக்கா ஆசீர்வாதம். சர்வேசுரன் புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறோம். உன் அத்தானுக்குப் புளி மண்டியில் நல்ல வியாபாரம், அந்த அலைச்சலில் வீட்டில் நல்ல கோபம். நான் நடக்கிறேன், சமைக்கிறேன். குனிந்தால் மட்டும் நிமிர நேரமாகிறது.

உன் வண்டியைப் பற்றி நீயே எழுதியது எனக்குச் சிரிப்பாக இருந்தது. நாற்பது வயதில் பெண் பார்க்கப் போக வேண்டியவன், ஊரை விட்டுப் போகும் வெள்ளைக்காரக் கேப்டனிடம் பழைய பந்தயக் காரை வாங்கினாய். ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அது ஓடுகிறதா, குதிக்கிறதா? போன தடவை நீ வந்து இறங்கியபோது உன் மூக்குக்கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. நல்ல முதுகே அதில் நொறுங்கிவிடும். என் முதுகு எப்படித் தாங்கும்?

முடியாதென்று சொல்லிவிடு. உடம்பு முடியவில்லை என்றால் அந்தத் தாயாருக்கும் புரியும். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புள்ள அக்கா,
அல்போன்சா

*

ஜோகுபாளையம்
25-7-1954

அன்புள்ள அக்காவுக்கு, நலம், நலமறிய ஆவல். அத்தானின் கோபம் குறைந்ததா?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ‘வர இஷ்டமில்லை’ என்று அதில் எங்கேயும் இல்லை. வண்டி குதிக்கிறது என்றுதான் இருக்கிறது. அப்படியானால் அதைக் குதிக்காமல் பண்ண வேண்டும், அவ்வளவுதானே? ஆபீசில் நாள் முழுதும் பாலத்துக்கும் கட்டடத்துக்கும் படம் வரைகிறவன் நான். ஒரு வண்டியின் ஆட்டத்தை அடக்க முடியாதா?

முதல் வேலையாகச் சீட்டுக்கு இலவம்பஞ்சு மெத்தை தைத்துப் போட்டேன். அது தப்பு என்று அல்சூர் மார்க்கெட் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் மெத்தை என்னைத் தூக்கி வீசியது. அடியில் இருந்த பலகையைக் கழற்றிவிட்டு, பழைய லாரி ட்யூபைக் கீற்றாக வெட்டி நாடாக் கட்டில் மாதிரி குறுக்கும் நெடுக்கும் பின்னினேன். அதற்கு மேல் தென்னை நார்த் திண்டு. இப்போது உட்கார்ந்தால் உள்வாங்கிக்கொள்கிறது, எகிறுவதில்லை. டயர்களில் பந்தயத்துக்கு அடிக்கிற மாதிரி கல்லாகக் காற்று இருந்தது. கொஞ்சம் இறக்கியிருக்கிறேன். அதிகம் இறக்கினால் டயர் சூடாகிக் கிழிந்துவிடும் என்று அடுகோடியில் பட்டறை வைத்திருக்கிற கோவிந்தப்பா பயமுறுத்துகிறார்.

குலுக்கலை அடக்குகிற புது ஷாக் அப்சார்பர் மெட்ராசில் கிடைக்குமாம். விலையைக் கேட்டு அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். கைவேலையிலேயே பார்த்துக்கொள்கிறேன். மௌரீன் உன் முதுகைப் பற்றித்தான் கேட்கிறாள். வேறொன்றும் கேட்கவில்லை.

அன்புத் தம்பி,
அலெக்சாண்டர்

*

அத்திபெலே
3-8-1954

அன்புள்ள தம்பிக்கு, நலம். மழை நன்றாகப் பெய்கிறது, உன் அத்தானுக்கு இருமல். கஷாயம் கொடுத்தால் ஓடுகிறார்.

நீ விடாக்கண்டன் என்று தெரியும், இவ்வளவு என்று தெரியாது. சரி, நானும் ஒரு நிபந்தனை போடுகிறேன். வாய்ப்பந்தல் எனக்கு வேண்டாம். உன் வீட்டில் ஒரு மண்சட்டியில் பாலை உறை ஊற்றிக் கெட்டித் தயிராக்கு. அதை நான் உட்காரப் போகிற சீட்டில் வைத்து அத்திபெலே வரை ஓட்டிக்கொண்டு வா. இங்கே வந்து மூடியைத் திறக்கும்போது தயிர் உடையாமல், தண்ணீர் விடாமல் இருந்தால் நான் ஏறி உட்காருகிறேன். உடைந்தால் அதோடு இந்தப் பேச்சை விட்டுவிட வேண்டும்.

ஓசூர் ரோட்டை நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பால்காரனே அந்த ரோட்டில் தயிர் கொண்டுவருவதில்லை.

அல்போன்சா

*

ஜோகுபாளையம்
29-8-1954

அன்புள்ள அக்காவுக்கு, அத்தானின் இருமல் தேவலையா? போன ஞாயிறு நான் கொண்டுவந்த சட்டியில் இருந்தது மோர் என்று ஒத்துக்கொள்கிறேன். அத்தான் அதில் உப்புப் போட்டுக் குடித்ததையும் நீ முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனதையும் பார்த்தேன். சிரித்தாய் அல்லவா? நீ சிரித்து நான் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. அதற்காகவே இன்னொரு தடவை தோற்கலாம். ஆனால் தோற்கப்போவதில்லை. உடைந்தால் பேச்சை விட வேண்டும் என்றுதான் எழுதினாய், எத்தனை தடவை உடைந்தால் என்று எழுதவில்லை.

தப்பு என்னுடையதுதான். வண்டியைத் தாங்குகிற இரும்பு வில் இறுகலாக இருக்கிறது என்று, பின்சக்கரங்களில் ஒவ்வொரு பக்கமும் வில்தட்டில் அடுக்கியிருக்கிற பட்டைகளில் ஒன்றைக் கழற்றிவிட்டேன். மேஜையில் கணக்குப் போட்டால் சரியாக வந்தது. கோவிந்தப்பா “ஸ்வல்ப பொறுங்க சார், அவசரப்படாதீங்க” என்று கெஞ்சினார். நான் கேட்கவில்லை. மடிவாளம் தாண்டி முதல் பெரிய பள்ளத்தில் வண்டி தரையைத் தட்டியது. தயிரின் ஆயுசு அங்கேயே முடிந்தது.

ஆனால் திரும்பி வரும்போது ஒரு அதிசயம். மோர் குடித்த நன்றிக்கு அத்தான் சீட்டுக்குப் பின்னால் ஒரு புளி மூட்டையை ஏற்றிவிட்டார் அல்லவா? வழி முழுக்க வண்டி குதிப்பதை மறந்துவிட்டது. பாரம் இல்லாததுதான் வியாதி! இந்த வண்டி முரட்டு வேகத்துக்காக வளர்ந்தது, வெறும் வயிற்றோடு மெதுவாகப் போகச் சொன்னால் முரண்டு பிடிக்கிறது. பட்டைகளைத் திரும்ப மாட்டிவிட்டேன். மூட்டையை இறக்கவில்லை. ஜோகுபாளையத்தில் எல்லோரும் நான் புளி வியாபாரம் தொடங்கிவிட்டேன் என்கிறார்கள்.

அலெக்சாண்டர்

*

அத்திபெலே
14-9-1954

தம்பிக்கு, நலம். மூட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உன் அத்தான் கேட்கவில்லை. அவரும் உன் கட்சிதான் போலிருக்கிறது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மேஜைக் கணக்கு, வில்தட்டு, பாரம் என்று நீ எதையாவது சொல்லிக்கொண்டிரு. சிரித்தேனாம். தும்மல் வந்தது.

பெங்களூரில் இந்த வருஷம் குளிர் சீக்கிரம் வந்துவிட்டது என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொல்கிறார்கள். அந்த மடங்களில் பெண்பிள்ளைகளுக்கு நல்ல கம்பளி கொடுப்பார்களா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். சின்ன வயதில் சளி பிடித்தவர்களுக்கு விடியற்காலைக் குளிர் ஆகாது.

அல்போன்சா

*

ஜோகுபாளையம்
10-10-1954

அன்புள்ள அக்காவுக்கு, உன் கேள்விக்கு முதலில் பதில். ஒரு கம்பளி கொடுக்கிறார்கள். மௌரீனுக்கு இன்னொன்று நான் வாங்கிக் கொடுத்தேன். ‘சும்மா தெரிந்துகொள்ள ஒருத்தர் கேட்டார்’ என்று சொன்னேன். அவள் கம்பளியை வாங்கி முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

இனி வண்டி. உண்மையான நோயைக் கண்டுபிடித்துவிட்டோம். முன்சக்கர வில்தட்டுகளின் மேல் தார் பூசிய தடித்த கயிறு இறுக்கிச் சுற்றியிருந்தது. நான் இத்தனை நாளும் அதை ஏதோ உறை என்று நினைத்துப் பெயிண்ட் வேறு அடித்து அழகு பார்த்திருக்கிறேன். அந்தக் கேப்டன் மலைப்பாதைப் பந்தயத்துக்காக வில் அசையக்கூடாது என்று கட்டிவைத்தது. கையைக் காலைக் கட்டிவிட்டு நட என்றால் எப்படி நடக்கும்? நானும் கோவிந்தப்பாவும் கயிற்றை அறுத்தெடுத்தோம். உள்ளே பட்டைகள் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து, தேய்த்து, பென்சில் கரி கலந்த கிரீஸ் தடவி அடுக்கினோம். ஷாக் அப்சார்பர் என்பது இந்த வண்டியில் ஒன்றோடொன்று உரசுகிற வட்டத் தட்டுகளை நடுவில் ஒரு திருகால் அழுத்திப் பிடிப்பதுதான். அந்தத் திருகையும் தளர்த்தினோம். நிறையத் தளர்த்தினால் வண்டி தொட்டிலாட்டம் ஆடி வாந்தி வருகிறது. கொஞ்சம் இறுக்கி, ஓட்டிப் பார்த்து, மறுபடி இறுக்கி, இப்போது பதமாக நிற்கிறது.

வருகிற ஞாயிறு 17ஆம் தேதி பூசை முடிந்து தயிரோடு வருகிறேன். எனக்கு நம்பிக்கை இருக்கிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அலெக்சாண்டர்

*

அத்திபெலே
20-10-1954

தம்பிக்கு,

மூடியைத் திறந்தேன். தயிர் உடையவில்லை. ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டிருந்தது, அதைக் குற்றமாகச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. நீ வாசலில் எண்ணெய்க் கையோடு நின்றாய். நான் வரவில்லை என்றேன். ஏன் என்று நீ கேட்டாய், நான் கதவைச் சாத்திக்கொண்டேன். நீ சாப்பிடாமல் திரும்பிப் போனாய். மூன்று நாளாக எனக்கும் சோறு இறங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் முதுகு வலிப்பது நிஜம். ஆனால் முதுகு மட்டும் என்றால் உன் தயிரை நம்பி ஏறியிருப்பேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஜூன் மாதம் நான் காலைப் பூசைக்குப் போயிருந்த நேரம் பார்த்து நீ வந்தாய். மௌரீன் மடத்துக்குப் போகிறேன் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அப்பா சரி என்றுவிட்டார். பூசை முடிந்து நான் வீட்டுக்கு வரும்போது அவள் கட்டில் சுருட்டிய பாயோடு காலியாக இருந்தது. எந்த வண்டியில் போனாள்? இதோ நீ இப்போது கிரீஸ் தடவிக்கொண்டிருக்கிற வண்டியில். அதில் இரண்டு பேருக்குத்தான் இடம். அவளுக்கு ஒன்று, உனக்கு ஒன்று. பெற்றவளை எங்கே உட்காரவைக்கலாம் என்று இரண்டு பேரில் ஒருவராவது யோசித்தீர்களா?

அந்தச் சீட்டில்தான் என்னை உட்காரச் சொல்கிறாய். நீ அதைப் பட்டு மெத்தையாக்கினாலும் எனக்கு அது குத்தும்.

அல்போன்சா

*

ஜோகுபாளையம்
14-11-1954

அன்புள்ள அக்காவுக்கு,

உடனே பதில் எழுதாததற்குக் கோபிக்காதே. எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். உன் உடம்பும் அத்தான் உடம்பும் நன்றாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

அன்று அவளை நான் கூட்டிக்கொண்டு போகாவிட்டால் அவள் பஸ் ஏறிப் போயிருப்பாள். அது உனக்கும் தெரியும், அதனால் அதைப் பற்றி வாதாட வரவில்லை. அன்று வழியில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். உன்னிடம் சொல்லக்கூடாது என்று அவள் கேட்டுக்கொண்டாள். போன ஞாயிறு மடத்துக்குப் போய், சொல்லட்டுமா என்று கேட்டேன். சரி என்று தலையை ஆட்டினாள்.

அடுகோடி வரை வந்துவிட்டோம். அங்கே வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கவில்லை. திரும்பி அத்திபெலே ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலைந்து பஸ் போயிருக்கும். வீட்டுக்குத் திருப்பட்டுமா என்று கேட்டேன். அப்போது சொன்னாள்:

“அம்மா பின்னாலயே வந்து வாடின்னு ஒரு வார்த்தை கூப்பிட்டா நான் போயிடுவேன் மாமா. என்னால முடியாதுன்னு சொல்ல முடியாது. அதனாலதான் அம்மா இல்லாத நேரம் பாத்துக் கிளம்பினேன். நீங்க சீக்கிரம் ஓட்டுங்க.”

நான் ஓட்டினேன். வண்டி போட்ட ஆட்டத்தில் இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு மடம் வரை அழுதுகொண்டு வந்தாள். நீ வேண்டாம் என்று அவள் ஓடவில்லை, அக்கா. உன் குரலுக்குப் பயந்து ஓடினாள்.

ஒன்றையும் மறைக்கவில்லை. வார்த்தைப்பாடு கொடுக்கிற நிமிஷம் வரைக்கும் அவள் வீட்டுக்குத் திரும்பலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். இப்போதும் நீ கூப்பிட்டால் அவள் வந்துவிடுவாள் என்றுதான் நினைக்கிறேன். அது தெரிந்தேதான் நீ வரவேண்டும் என்று கேட்கிறாள். நீ வந்து என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீ வராமல் அவள் கொடுக்கிற வார்த்தையில் அவளுக்கே நிம்மதி இருக்காது.

அன்புத் தம்பி,
அலெக்சாண்டர்

*

அத்திபெலே
29-11-1954

தம்பிக்கு,

ஏழாம் தேதி சாப்பாட்டுக்குப் பிறகு வா. வெயில் தாழ்ந்து கிளம்பலாம். ராத்திரி உன் வீட்டில் தங்கல். உன் அத்தான் மறுநாள் முதல் பஸ்ஸில் வருவார்.

மடத்தில் என்ன சொல்வேன் என்று என்னைக் கேட்காதே. எனக்கே தெரியவில்லை.

அல்போன்சா

*

அத்திபெலே
16-12-1954

அன்புள்ள தம்பி அலெக்சாண்டருக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருப்பாய். நேரத்துக்கு ஆபீசுக்குப் போகிறாயா, இன்னும் வண்டிக்கு அடியில்தான் படுத்திருக்கிறாயா?

முதலில் உன் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உனக்குக் கடிதத்தில் மனம் ஓடாது. முதுகு வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். பொம்மனஹள்ளி கிட்டே அந்த எருமை குறுக்கே வந்து நீ பிரேக் போட்டபோது ஒரு தடவை நன்றாகவே வலித்தது. ஆனால் பஸ்ஸில் வலிப்பது மாதிரி இல்லை. உன் வீட்டில் இறங்கி நானே நடந்து உள்ளே போனேன், ராத்திரி தூங்கினேன். நீ கெட்டிக்காரன்தான். இதை இன்னொரு தடவை எழுத மாட்டேன்.

மடத்துக்குள்ளே நடந்ததை நீ என்னைக் கேட்கவில்லை. வண்டியோடு வெளியே மரத்தடியில் நின்றாய். பூசையில் பின்பெஞ்சில் உட்கார்ந்தாய். திரும்பி வரும் வழியெல்லாமும் கேட்கவில்லை. கேட்காததற்காகவே சொல்கிறேன்.

தாயார் என்னைப் பார்லரில், வந்தவர்களைப் பார்க்கிற அறையில், உட்காரவைத்து, பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மௌரீன் வந்தாள். வெள்ளை உடுப்பில் இளைத்துப் போயிருந்தாள். அவளைப் பார்த்ததும் நான் மனதில் கட்டி வைத்திருந்ததெல்லாம் கொட்டிப்போயிற்று. வாடி வீட்டுக்கு என்று ஒரு வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், வாயைத் திறந்தால் அது மட்டும்தான் வரும் போலிருந்தது. அதனால் வாயைத் திறக்கவில்லை. அவளும் பக்கத்தில் வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா, என்னைக் கூப்பிட வந்தீங்களா?” என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். நான் ஆமாம் என்று சொன்னால் அவள் வந்துவிடுவாள், நீ எழுதியது உண்மை. வந்து எனக்குச் சோறு பொங்கிப் போட்டுக்கொண்டு, என் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, சிரித்த முகமாகவே இருந்துவிடுவாள். ஒரு நாளும் என்னைக் குறை சொல்ல மாட்டாள். அதை நினைத்தபோதுதான் எனக்குப் பயமாகிவிட்டது.

நம் வீடுகளில் கல்யாணம் ஆனால் பெண்ணைப் பெற்றவள் சும்மா அனுப்புவதில்லை. கூடவே போய், புகுந்த வீட்டு வாசலில் அவள் கையைப் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவாள். என்னை நம் அம்மா அப்படித்தான் இதே அத்திபெலேயில் விட்டுவிட்டுப் போனாள். இரண்டு வருஷமாக என்னை அறுத்தது எது என்று அந்த நிமிஷம்தான் புரிந்தது. அவள் போனது இல்லை. நான் கூடப் போகாதது.

“இல்லடி. உன்னைக் கொண்டு விட வந்தேன்” என்றேன்.

அவள் ஓடிவந்து என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதோம். மணி அடித்தது. அவள் முகத்தை என் முந்தானையால் துடைத்து, கையைப் பிடித்து, கோயில் வாசல் வரை நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே தாயார் நின்றார்கள். அவர்கள் கையில் அவள் கையை நானே கொடுத்தேன்.

உன் பிரியமுள்ள அக்கா,
அல்போன்சா